சொலிசிட்டர் பதில் சொல்வதே இல்லை: இழப்பீட்டு கேஸ் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாலை விபத்து, வேலையிடக் காயம், மருத்துவத் தவறு போன்றவற்றுக்கு நட்டஈடு கேட்டு சொலிசிட்டரிடம் கேஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. சொல்லியிருப்பதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் புகாரைக் கேட்கும் அமைப்புகளே வேறு. அங்கே இருப்பவர்கள் இதிலுள்ள கெடு நாட்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எத்தனை நாள் பதில் வராவிட்டால் கவலைப்பட வேண்டும்?

இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் நடத்தை விதி, வேலையைத் திறமையாகவும் உரிய காலத்திலும் செய்ய வேண்டும் என்கிறது. கேஸ் எடுத்தபோது உங்களுக்கு அனுப்பிய கிளையன்ட் கேர் லெட்டரில் சில நிறுவனங்கள் தாங்களே ஒரு கணக்கு எழுதியிருக்கும்: மின்னஞ்சலுக்கு இத்தனை வேலைநாளில் பதில், இத்தனை வாரத்துக்கு ஒருமுறை நிலவரம் என்று. அப்படி எழுதியிருந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். இல்லையென்றால் நாங்கள் சொல்லும் கணக்கு இது: நீங்கள் நேரடியாக ஒரு கேள்வி கேட்டு இரண்டு வாரம் ஆகியும் 'கிடைத்தது' என்ற ஒரு வரிகூட வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். நீங்கள் எதுவும் கேட்காமலே மூன்று மாதம் சத்தமில்லை என்றால், கவலைப்படுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

சத்தமே இல்லாமல் வேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. இழப்பீட்டு கேஸில் பெரும்பகுதி காத்திருப்புதான், அந்தக் காத்திருப்புகளுக்கு அளவும் உண்டு. சிறிய சாலை விபத்து கேஸ்கள் இணைய போர்ட்டல் வழியாகப் போகும். 25,000 பவுண்டு வரையிலான கேஸ்களுக்கான போர்ட்டலில், தவறு யாருடையது என்று சொல்ல எதிர்த்தரப்பு இன்சூரன்ஸுக்கு 15 வேலைநாள் தரப்படுகிறது. வேலையிடக் காயத்துக்கு 30 வேலைநாள், கடையிலோ நடைபாதையிலோ விழுந்ததற்கு 40 வேலைநாள். 31 மே 2021 முதல் நடந்த கழுத்து, முதுகு வலி வகை சிறிய சாலை விபத்துகளுக்கு அஃபிஷியல் இஞ்சுரி கிளெய்ம் என்ற தனி போர்ட்டல். அதில் 30 வேலைநாள். போர்ட்டலுக்கு வெளியே போகும் கேஸ் என்றால், முறைப்படியான கிளெய்ம் கடிதம் போய் 21 நாளுக்குள் 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். அதன்பின் விசாரிக்க மூன்று மாதம் வரை. மருத்துவத் தவறு கேஸில் விரிவான பதிலுக்கே நான்கு மாதம்.

மெடிக்கல் ரிப்போர்ட் இன்னொரு நீண்ட இடைவெளி. ஜிபியிடமிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் ரெக்கார்டுகளை வாங்க வேண்டும், நிபுணரிடம் நேரம் வாங்க வேண்டும், அவர் எழுத வேண்டும். 'ஒன்பது மாதத்தில் குணமாகும்' என்று நிபுணர் எழுதியிருந்தால், அந்த ஒன்பது மாதம் முடியும்வரை பேரம் பேசாமல் இருப்பது பெரும்பாலும் சரியான முடிவு. வலி தீராமல் தொகையை முடித்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது.

ஆகவே 'ஏன் ஒன்றும் நடக்கவில்லை' என்று கேட்பதைவிட, 'இப்போது யாரிடமிருந்து எதற்காகக் காத்திருக்கிறோம், அதற்குக் கெடு எந்தத் தேதி' என்று கேளுங்கள். வேலை நடக்கும் கேஸ் என்றால் இதற்கு இரண்டே வரியில் பதில் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்பு எதைப் பார்க்க வேண்டும்?

காலவரம்பை. சொலிசிட்டர்கள் லிமிட்டேஷன் என்பது இதைத்தான். பதில் வராதது எரிச்சல் மட்டுமே. இந்த நாள் தவறினால் கேஸே போய்விடும்.

1980ஆம் ஆண்டின் லிமிட்டேஷன் சட்டப்படி, உடற்காயத்துக்கு விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று வருடம். காயம் உண்டானதும் அதற்கு யார் காரணம் என்பதும் பிறகுதான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். ஆஸ்பெஸ்டாஸ் நோய், மருத்துவத் தவறு போன்றவற்றில் இது வரும். விபத்தின்போது 18 வயது ஆகாதவர்களுக்கு 18ஆம் பிறந்தநாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 21 வரை. முடிவெடுக்கும் மனத்திறன் இல்லாதவருக்கு அது இல்லாத காலம்வரை கணக்கு ஓடாது.

சில கேஸ்களுக்கு இதைவிடக் குறைவு. குற்றச்செயலில் காயப்பட்டு அரசின் குற்றக்காய இழப்பீட்டுத் திட்டத்தில் கேட்பதென்றால் பொதுவாக இரண்டு வருடம். சர்வதேச விமானப் பயணத்தில் பட்ட காயத்துக்கும் இரண்டு வருடம்தான். வெளிநாட்டில் நடந்த விபத்துக்கு அந்த நாட்டுச் சட்டத்தின் காலவரம்பு பொருந்தக்கூடும். அது ஒரு வருடமாகக்கூட இருக்கலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எதிர்த்தரப்புக்குக் கடிதம் போட்டதோ, போர்ட்டலில் பதிந்ததோ, இன்சூரன்ஸ் 'எங்கள் தவறுதான்' என்று ஒப்புக்கொண்டதோ, தொகை பேசிக்கொண்டிருப்பதோ எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. கோர்ட்டில் கிளெய்ம் ஃபார்ம் பதிவானால்தான் நிற்கும். 'இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டது, இனிப் பணம் வருவதுதான் பாக்கி' என்று இருந்துவிட்டு மூன்று வருடம் கடந்துபோன கேஸ்கள் உண்டு.

விபத்துத் தேதியோடு மூன்று வருடத்தைக் கூட்டி, பாதுகாப்புக்கு ஒரு நாள் முன்னதாகக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் இந்தப் பக்கத்தில் சொல்லும் படிகளை வரிசையாகவே போகலாம். ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் புகாரையும் புது சொலிசிட்டர் தேடுவதையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் புகாரைத் தள்ளிவையுங்கள். அன்றைக்கே இன்னொரு சொலிசிட்டரைக் கூப்பிட்டு முதல் வாக்கியத்திலேயே அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

'கோர்ட்டில் போட்டாயிற்று' என்று போனில் சொன்னார்கள். எப்படி உறுதிசெய்வது?

கோர்ட் கிளெய்ம் நம்பரையும் கோர்ட் முத்திரை பதித்த கிளெய்ம் ஃபார்மின் நகலையும் கேளுங்கள். 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்பதும் 'பதிவாகிவிட்டது' என்பதும் ஒன்றல்ல. பதிவான பிறகும் ஒரு கெடு உண்டு: எதிர்த்தரப்பு இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால் நான்கு மாதத்துக்குள் ஃபார்மை அவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் பதிவுசெய்துவிட்டுச் சேர்ப்பிக்க மறந்ததால் விழுந்த கேஸ்களும் இருக்கின்றன. ஆகவே பதிவான தேதி, சேர்ப்பித்த தேதி இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

தவறு என் பக்கம் இருக்குமோ?

பார்த்துவிடுவது நல்லது. புகார் எழுதிய பிறகு இது வெளியே வந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். ஸ்பாம் பெட்டியைத் தேடுங்கள். நிறுவனத்தின் கிளையன்ட் போர்ட்டலோ ஆப்போ இருந்தால் அதற்குள் நுழைந்து பாருங்கள், பல இடங்களில் இப்போது கடிதங்கள் அங்கேதான் போடப்படுகின்றன. வீடு மாறியதைச் சொன்னீர்களா? போன் நம்பர் மாறியதா? கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய ஃபார்ம் மேஜை இழுப்பறையில் கிடக்கிறதா? மெடிக்கல் ரெக்கார்டு வாங்குவதற்கான அனுமதி ஃபார்மும் அடையாள ஆவணமும் வராவிட்டால் பல நிறுவனங்கள் கேஸை அப்படியே நிறுத்திவைத்துவிடும். சம்பளச் சீட்டு, செலவு ரசீது கேட்டு நீங்கள் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

அம்மாவின் கேஸ் பற்றி நான் போன் செய்தால் பேச மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

நம்மிடையே அதிகம் நடப்பது இது. பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமில்லை என்பதால் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். கிளையன்ட் அம்மா, அவர் எழுத்தில் அனுமதி தராமல் சொலிசிட்டர் உங்களிடம் பேசினால் இரகசியக் காப்பு விதியை மீறியதாகிவிடும். அது அலட்சியம் இல்லை. அம்மாவின் பெயர், பிறந்த தேதி, கேஸ் நம்பர், 'என் கேஸ் பற்றி என் மகளிடம் பேசவும் அவருக்குக் கடிதம் அனுப்பவும் அனுமதிக்கிறேன்' என்ற வரி, கையெழுத்து, தேதி, இவ்வளவும் உள்ள ஒரு பக்கக் கடிதம் போதும். அதன் பிறகும் பேச மறுத்தால் அது புகாருக்குரியது.

கிளையன்ட்டுக்குப் புரியும் வகையில் தகவல் தர வேண்டும் என்பதும் எஸ்.ஆர்.ஏ. விதிதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம்; அந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எத்தனை தடவை போன் செய்தாலும் 'திரும்ப அழைக்கிறோம்' என்கிறார்கள். வேறென்ன செய்வது?

போனை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். போன் பேச்சுக்குச் சான்று இல்லை. 'ஒன்பது தடவை கூப்பிட்டேன்' என்பது பிறகு உங்கள் வார்த்தை, அவர்கள் வார்த்தை என்றுதான் நிற்கும். இனி பேச நேர்ந்தாலும், முடிந்த கையோடு 'இன்று 11 மணிக்கு இன்னாரிடம் பேசினேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவதாகச் சொன்னார்' என்று இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

மின்னஞ்சலின் தலைப்பில் கேஸ் நம்பர், உங்கள் முழுப்பெயர், விபத்துத் தேதி மூன்றும் இருக்கட்டும். உள்ளே எண் போட்டு ஐந்து கேள்விகள், அதற்கு மேல் வேண்டாம்:

1. கேஸ் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?
2. யாரிடமிருந்து என்ன வரவேண்டியிருக்கிறது, கெடு எப்போது?
3. உங்கள் கணக்கில் என் காலவரம்பு முடியும் தேதி எது? கோர்ட்டில் பதிவாகிவிட்டதா?
4. எதிர்த்தரப்பிடமிருந்து ஏதாவது தொகை ஆஃபர் வந்திருக்கிறதா?
5. நான் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா?

கடைசியில் ஏழு நாள் தள்ளி ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். 'சீக்கிரம்' என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் பொருளே கிடையாது. கோபம், குடும்பக் கஷ்டம், வாடகைப் பாக்கி எல்லாம் உண்மையாகவே இருக்கும். இந்தக் கடிதத்தில் மட்டும் வேண்டாம். மூன்றாம் கேள்விதான் இதில் கூர்மையானது. காலவரம்புத் தேதியை கிளையன்ட் எழுத்தில் கேட்டுவிட்டார் என்றால் அந்த ஃபைலை மேலாளர் ஒருமுறையாவது திறந்து பார்ப்பார்.

என் கேஸைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். இப்போது யாரிடம் கேட்பது?

இழப்பீட்டு கேஸ்களைத் தினமும் கையாள்பவர் பல இடங்களில் சொலிசிட்டரே அல்ல. பாராலீகல் அல்லது கேஸ் ஹேண்ட்லர். ஒருவரிடம் ஏராளமான ஃபைல்கள் இருக்கும், ஆட்களும் அடிக்கடி மாறுவார்கள். பதில் வராததற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்: உங்கள் மின்னஞ்சல், போய்விட்டவரின் பெட்டியில் விழுந்துகொண்டிருக்கிறது. கிளையன்ட் கேர் லெட்டரை எடுத்தால் மேற்பார்வையாளர் பெயரும் புகார்களைக் கவனிப்பவர் பெயரும் இருக்கும். இருவருக்கும், நிறுவனத்தின் பொது முகவரிக்கும் சேர்த்து எழுதி, 'இன்றிலிருந்து என் கேஸுக்குப் பொறுப்பு யார், அவரை மேற்பார்க்கும் சொலிசிட்டர் யார்' என்று கேளுங்கள். கிடைத்த பெயரை எஸ்.ஆர்.ஏ. தளத்திலுள்ள சொலிசிட்டர் பதிவேட்டில் தட்டிப் பார்க்கலாம், இலவசம்.

எதிர்த்தரப்பு ஆஃபர் கொடுத்திருந்து, சொலிசிட்டர் என்னிடம் சொல்லாமல் இருந்தால்?

இது பணத்தோடு விளையாடும் விஷயம். பார்ட் 36 என்ற விதியின்கீழ் வரும் ஆஃபருக்கு வழக்கமாக 21 நாள். அதற்குள் ஏற்காமல் விட்டு, பிறகு கோர்ட்டில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்காவிட்டால், அந்த 21 நாளுக்குப் பிந்தைய எதிர்த்தரப்புச் செலவு உங்கள் இழப்பீட்டிலிருந்தே போகக்கூடும். அதனால்தான் ஐந்து கேள்விகளில் நான்காவது. ஆஃபர் வந்திருக்கிறது என்று தெரிந்தால் கேட்க வேண்டியவை: அது பார்ட் 36 ஆஃபரா, எந்தத் தேதியில் வந்தது, ஏற்கலாமா கூடாதா என்ற சொலிசிட்டரின் ஆலோசனை எழுத்தில்.

முறைப்படி புகார் கொடுப்பது எப்படி?

ஏழு நாள் கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் அடுத்த மின்னஞ்சலின் தலைப்பிலேயே கம்ப்ளைன்ட் என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும். 'வருத்தம் தெரிவிக்கிறேன்', 'ஏமாற்றமாக இருக்கிறது' என்று எழுதினால் அது சாதாரணக் கடிதமாகவே ஃபைலில் போய் உட்காரும். பதில் தர நிறுவனத்துக்கு உள்ள எட்டு வாரக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதிலும் சிக்கல் வரலாம்.

உள்ளடக்கம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தெந்தத் தேதியில் எழுதினீர்கள், போன் செய்தீர்கள் என்று வரிசையாக, அதனால் என்ன பாதிப்பு, என்ன வேண்டும். கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'நடவடிக்கை எடுக்கவும்' என்றால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். 14 நாளுக்குள் எழுத்தில் நிலவர அறிக்கை, பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர், மாதம் ஒருமுறை நிலவரம், தாமதத்துக்காகக் கட்டணத்தில் குறைப்பு என்று எண்ணிக் கேளுங்கள்.

நிறுவனத்துக்கு எட்டு வார அவகாசம். புகாரைக் கவனித்ததற்கு உங்களிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. இறுதிப் பதிலில், திருப்தி இல்லையென்றால் சட்டச் சேவைப் புகார்களைக் கேட்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம் என்ற விவரமும் இருக்க வேண்டும். எங்கள் கணிப்பில், இழுபடும் கேஸ்களை நகர்த்த இந்த ஒரு கடிதமே பெரும்பாலும் போதும். ஏனென்றால் இந்தக் கடிதத்தோடு ஃபைல் ஹேண்ட்லரின் மேஜையிலிருந்து பங்குதாரரின் மேஜைக்குப் போய்விடுகிறது.

புகார் கொடுத்தால் கோபித்துக்கொண்டு கேஸைக் கைவிட்டுவிடுவார்களா?

புகார் கொடுத்தார் என்பதற்காக மட்டும் கைவிடுவது ஒப்புக்கொள்ளத்தக்க காரணம் அல்ல. போதிய காரணமும் நியாயமான முன்னறிவிப்பும் இல்லாமல் சொலிசிட்டர் விலக முடியாது. ஆனால் திட்டி எழுதினால், 'இருதரப்பு நம்பிக்கை முறிந்துவிட்டது' என்று விலக அவர்களுக்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்ததாகும்.

லீகல் ஒம்பட்ஸ்மன் என்ன செய்வார்?

சேவைக் குறைபாட்டை விசாரிப்பார்: தாமதம், பதில் தராமை, கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமை. உங்களுக்குச் செலவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலையைச் செய்து முடிக்க வேண்டும், கட்டணத்தைக் குறைக்க வேண்டும், 50,000 பவுண்டு வரை இழப்பீடு தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட முடியும். அவரது இறுதி முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தும்.

கெடுக்கள் இரண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பிரச்சினை நடந்த நாளிலிருந்தோ, நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ ஒரு வருடத்துக்குள்ளும் போக வேண்டும். 1 ஏப்ரல் 2023க்கு முன்பு இது ஆறு வருடமாக இருந்தது. பழைய பக்கங்களைப் படித்துவிட்டு நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எட்டு வாரம் முடிந்தும் நிறுவனம் வாய் திறக்கவில்லை என்றால் இறுதிப் பதில் இல்லாமலே போகலாம். விதிவிலக்கான காரணம் இருந்தால் எட்டு வாரத்துக்கு முன்பும் எடுத்துக்கொள்வார். காலவரம்பு நெருங்குகிறது என்றால் அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அவர் செய்ய முடியாததும் உண்டு. உங்கள் விபத்து கேஸை அவர் நடத்த மாட்டார். அவரிடம் புகார் நிலுவையில் இருப்பது காலவரம்பை நிறுத்தாது. எதிர்த்தரப்பின் சொலிசிட்டர் பதில் தரவில்லை என்ற புகாரையும் கேட்க மாட்டார், நீங்கள் அவருடைய கிளையன்ட் அல்லவே. விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் எஸ்.ஆர்.ஏ.விடம் எப்போது போவது?

நேர்மை சம்பந்தப்பட்டதாக இருந்தால்: பொய் சொன்னார்கள், உங்கள் கையெழுத்தைத் தாங்களே போட்டார்கள், பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், அலுவலகமே பூட்டிக் கிடக்கிறது. எஸ்.ஆர்.ஏ. தண்டிக்கும், சேவைக் குறைபாட்டுக்காக உங்களுக்குப் பணம் வாங்கித் தராது.

சொலிசிட்டரை மாற்றிவிடலாமா? செலவு யாருக்கு?

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கேள்வி பணம்தான், அதற்கான பதில் நீங்கள் கையெழுத்திட்ட நோ வின் நோ ஃபீ ஒப்பந்தத்தில் இருக்கிறது. 'ஒப்பந்தத்தை முன்னரே முடித்தால்' என்பதுபோன்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில், கேஸ் நடுவில் நீங்களாக விலகினால் அதுவரை செய்த வேலைக்கான அடிப்படைக் கட்டணத்தை உடனே கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பிறகு ஜெயித்தால் சக்ஸஸ் ஃபீ என்ற கூடுதல் கட்டணமும் கேட்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. பழைய நிறுவனம், கேஸ் ஜெயித்தால் தன் நியாயமான கட்டணத்தைத் தருவதாகப் புது நிறுவனத்திடம் எழுத்து உறுதி வாங்கிக்கொண்டு ஃபைலை விட்டுவிடும். அந்த உறுதிமொழியை இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும். நீங்கள் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

உடற்காய கேஸில் சக்ஸஸ் ஃபீக்கு உச்சவரம்பு உண்டு: வலி, துன்பத்துக்கான தொகையும் அதுவரை ஏற்பட்ட பண இழப்பும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம். எதிர்கால இழப்புக்கான பணத்தில் இதற்காகக் கை வைக்கக் கூடாது. இரண்டு நிறுவனங்கள் ஆனபின் 'இரண்டும் சேர்த்து என் பணத்திலிருந்து எவ்வளவு போகும்' என்று புது நிறுவனத்திடம் எண்ணாகக் கேளுங்கள். பழைய ஒப்பந்தத்தோடு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி தொடருமா, புதிதாக எடுக்க வேண்டுமா என்பதும் அப்போதே தெரிய வேண்டும்.

வரிசையும் முக்கியம்: முதலில் புது நிறுவனம் கேஸை எடுப்பதாக எழுத்தில் சொல்லட்டும், பிறகு பழையவர்களுக்கு விலகல் கடிதம். தலைகீழாகச் செய்துவிட்டு நடுவில் ஆளில்லாமல் நிற்பவர்கள் உண்டு. பாதியில் வரும் கேஸை, அதிலும் சிறிய தொகைக் கேஸை, எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். ஒரு கட்டணத்தையே இருவர் பிரித்துக்கொள்ள வேண்டுமே. மூன்று நான்கு இடங்களில் கேளுங்கள். கேஸ் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால், சொலிசிட்டர் மாறியதை என்434 என்ற ஃபார்மில் கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் அறிவிக்க வேண்டும், புதியவர் செய்துவிடுவார்.

சின்ன எரிச்சலுக்காக மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. புது ஆள் ஃபைலை வாங்கிப் படித்து முடிக்கவே இரண்டு மாதம் போய்விடும். பேரம் முடியும் கட்டத்தில் இருக்கும் கேஸுக்குப் புகார்க் கடிதம்தான் வேகமான வழி.

ஃபைலைத் தர மறுக்கிறார்கள். அது சரியா?

கட்டணம் பாக்கி இருந்தால் அது தீரும்வரை ஃபைலைப் பிடித்துவைக்கும் உரிமை சொலிசிட்டருக்குச் சட்டத்தில் உண்டு. மேலே சொன்ன உறுதிமொழி கிடைத்தால் வழக்கமாக விட்டுவிடுவார்கள். அதுவரை, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தகவல்களின் நகலைக் கேட்கலாம். கட்டணமில்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முழு ஃபைலும் அதில் வராது. ஆனாலும் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

சொலிசிட்டரை இன்சூரன்ஸ்தான் நியமித்தது. அல்லது ஒரு கிளெய்ம்ஸ் கம்பெனி சேர்த்துவிட்டது. வித்தியாசம் உண்டா?

யார் சேர்த்துவிட்டாலும் சொலிசிட்டரின் கிளையன்ட் நீங்கள்தான். புகார் வழியும் அதேதான். கார், வீட்டு இன்சூரன்ஸில் உள்ள சட்டச்செலவுப் பாலிசி மூலம் வந்தவர் என்றால் பாலிசி நிறுவனத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். கோர்ட் நடவடிக்கை தொடங்கும் கட்டத்தில் உங்களுக்கு விருப்பமான சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. கிளெய்ம்ஸ் கம்பெனி மீதே குறை என்றால் ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மனிடம் போக வேண்டும், லீகல் ஒம்பட்ஸ்மனிடம் அல்ல.

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸோடு நானே நேரடியாகப் பேசி முடித்துவிடலாமா?

சொலிசிட்டர் இருப்பது தெரிந்தால் பெரும்பாலும் அவர்களே பேச மாட்டார்கள். பேசி முடித்தாலும் உங்கள் சொலிசிட்டரின் கட்டணம் உங்கள் தலையில் விழும். மெடிக்கல் ரிப்போர்ட் இல்லாத ஆஃபரை ஏற்க வேண்டாம். சாலை விபத்தின் கழுத்துக் காயங்களுக்கு அப்படி ஆஃபர் கொடுப்பதையே 2021 மே மாதத்திலிருந்து சட்டம் தடுக்கிறது.

நிறுவனமே மூடிவிட்டது. என் ஃபைல் எங்கே?

எஸ்.ஆர்.ஏ. தலையிட்டு மூடியிருந்தால், ஃபைல்கள் எல்லாம் அவர்கள் நியமித்த ஏஜென்ட்டிடம் இருக்கும். யார் என்று எஸ்.ஆர்.ஏ. தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் தெரியும். உங்கள் பணம் அங்கே சிக்கியிருந்தால் எஸ்.ஆர்.ஏ. இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொரு நிறுவனத்தோடு இணைந்திருந்தால், ஃபைலும் அங்கே போயிருக்கும். எப்படியானாலும் காலவரம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காலவரம்பு ஏற்கெனவே தவறிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

இல்லை, இரண்டு கதவுகள் இருக்கின்றன. உடற்காய கேஸ்களில் காலவரம்பைத் தளர்த்தும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. லிமிட்டேஷன் சட்டம் பிரிவு 33. தாமதம் எவ்வளவு, ஏன், சாட்சியங்கள் கெட்டுவிட்டனவா என்று பார்ப்பார்கள். கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. மற்றது, நாளைத் தவறவிட்ட சொலிசிட்டர் மீதே தொழில் அலட்சிய வழக்கு. இதற்குத் தவறு நடந்ததிலிருந்து ஆறு வருடம், அல்லது பிறகு தெரியவந்ததிலிருந்து மூன்று வருடம். எல்லா நிறுவனங்களும் இதற்கான இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். பழைய நிறுவனம் 'கொஞ்சம் பணம் தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்ளலாம்' என்று தாளை நீட்டினால், வேறு சொலிசிட்டர் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.

கேஸ் முடிந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை, சொலிசிட்டரும் பேசவில்லை.

பார்ட் 36 ஆஃபரை ஏற்றிருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு பணம் கட்ட வேண்டும். எனவே சொலிசிட்டரிடம் முதல் கேள்வி: கிளையன்ட்களின் பணத்தை நிறுவனம் வைத்திருக்கும் கிளையன்ட் அக்கவுன்ட்டுக்குப் பணம் எந்தத் தேதியில் வந்தது? வரவில்லை என்றால் துரத்த வேண்டியது இன்சூரன்ஸை. வந்துவிட்டது என்றால், 'கட்டணம் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்பது முழுத் தொகையையும் பிடித்துவைக்கக் காரணம் ஆகாது. தங்கள் உச்சபட்சக் கழிவை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியை இப்போதே அனுப்பும்படி கேளுங்கள். வைத்திருக்க நியாயமான காரணம் முடிந்ததும் கிளையன்ட் பணத்தை உடனடியாகத் திருப்பித் தர வேண்டும் என்பது எஸ்.ஆர்.ஏ. கணக்கு விதி.

கழித்த ஒவ்வொரு தொகைக்கும் பில் கேளுங்கள். பில் அதிகம் என்று பட்டால், அது கையில் வந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் மதிப்பிடச் சொல்லும் உரிமை உண்டு. அதன்பின், பில் வந்ததிலிருந்து ஒரு வருடம்வரை கோர்ட் நிபந்தனை போடலாம், அதையும் தாண்டினால் சிறப்புக் காரணம் வேண்டும். மதிப்பீட்டில் பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால், அந்த மதிப்பீட்டுச் செலவைப் பொதுவாக சொலிசிட்டரே ஏற்க வேண்டும்.